ஏழு நாள் மௌன விதி

2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் நான்காம் நாள், செவ்வாய்க்கிழமை முற்பகல், கடைவீதி மூலையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒருவர், ‘இமை’ என்னும் மென்பொருளில் ஒரே ஓர் எண்ணை மாற்றும் திருத்தத்தை, அதைப் பராமரிக்கும் சபைக்கு அனுப்பினார். நீக்க வேண்டிய எண் ஒன்றரை. அதன் இடத்தில் வைக்க வேண்டிய எண் ஆறு. இமையின் அடுத்த வெளியீட்டுக்குக் குறிக்கப்பட்டிருந்த நாள் ஏப்ரல் முப்பது. காலம் தாராளமாக இருக்கிறது என்று கண்ணாடிக்கடைக்காரர் நினைத்தார். அவர் அதற்கு முன் எந்தச் சபையோடும் பழகியவர் அல்லர்.

திருத்தத்தை எழுதியவர் அவருடைய மனைவி. காப்பீட்டு அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகள் நிரல் எழுதியவர். பின்னர் ஒரு நோய் வந்து, அவருடைய தசைகளை ஒவ்வொன்றாய் வேலையிலிருந்து நிறுத்தியது. முதலில் கால்கள், பிறகு கைகள், பிறகு நாக்கு. எஞ்சியவை கண்ணும் இமையும். சக்கர நாற்காலியின் முன் ஒரு திரையும் அதன் மேல் ஒரு கேமராவும் பொருத்தப்பட்டிருந்தன. அவர் எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அந்த எழுத்து திரையில் ஒட்டிக்கொள்ளும். மூலையைப் பார்த்தால், சேர்ந்த எழுத்துகளைக் கருவி ரயில் நிலைய அறிவிப்புக் குரலில் வாசிக்கும். இவ்வளவையும் செய்தது இமை.

சென்ற வெளியீட்டில் இமைக்குப் புதிய பழக்கம் ஒன்று கற்பிக்கப்பட்டிருந்தது. கண் ஒன்றரை விநாடி மூடியிருந்தால், பார்த்துக்கொண்டிருந்தவர் உறங்கிவிட்டார் என்று முடிவுகட்டி, அதுவரை எழுதியதை அது அழித்துவிடும். திரை தூய்மையாக இருக்க வேண்டும் என்பது சபையின் கொள்கை. மனைவியின் இமைகளோ நோயினால் மாதத்துக்கு மாதம் சோம்பி வந்தன. மூடிய இமை திறப்பதற்குள் வாக்கியம் போய்விடும். ஆகவே அவர் மூன்று வாரம் கண்ணாலேயே நிரலைத் தேடி, கண்ணாலேயே அந்த எண்ணைப் பிடித்து, கண்ணாலேயே மாற்றி எழுதினார்.

“இதை நாமளே நம்ம மெஷின்ல போட்டுக்கலாமே?” என்று கண்ணாடிக்கடைக்காரர், கருவியை இரவல் கொடுத்திருந்த மறுவாழ்வு மையத்தின் பொறுப்பாளரிடம் கேட்டார்.

“கூடாது சார்,” என்றார் அந்த அம்மையார். “சபை வெளியிட்ட வெர்ஷனைத்தான் ஏத்தணும். வேற எதை ஏத்தினாலும் மெஷினைத் திருப்பி எடுத்துட்டு வரச் சொல்லி எனக்கு உத்தரவு. நீங்க நல்லவர். என்னை அந்த நிலைமைக்கு ஆளாக்காதீங்க.”

ஆகையால் எல்லாம் சபையின் கையில் இருந்தது.

இமை எவருக்கும் சொந்தமன்று. எனவே எல்லாருக்கும் சொந்தம். எவரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், எவரும் திருத்தம் சொல்லலாம். ஏற்பதற்கு மட்டும் விதி உண்டு. முன்னொரு காலத்தில் சபையில் சச்சரவு ஓயாதிருந்தமையால், அதை வேரறுக்க ஏழாம் விதி இயற்றப்பட்டது: ‘ஒரு திருத்தம் அனைவரும் படிக்கும் பொதுமடலில் வைக்கப்பட்டபின், ஏழு முழு நாட்கள் அதைப் பற்றி யாரும் பேசாதிருந்தால், அனைவரும் உடன்பட்டதாகக் கொண்டு அது ஏற்கப்படும். யாரேனும் பேசினால், பேசியது எதுவாயினும், கணக்கு முதல் நாளிலிருந்து மீண்டும் தொடங்கும்.’ மௌனம் சம்மதம் என்னும் வழக்கைச் சட்டமாக்கிய முதல் அமைப்பு தாங்களே என்று சபையார் பெருமையுடன் சொல்லிக்கொண்டனர். இந்த விதி வந்தபின் ஏற்கப்பட்ட திருத்தங்கள் அனைத்தும் விதியை இயற்றியவர்கள் எழுதியவை. இயற்றியவர்களை விதி கட்டுப்படுத்தாது.

கண்ணாடிக்கடைக்காரர் விதியைப் படித்தார். ‘பேசியது எதுவாயினும்’ என்னும் சொற்களையும் படித்தார். அவற்றின் பொருள் அவருக்கு ஆறாம் நாள் விளங்கியது.

அன்று முன்பின் அறியாத ஒருவர் பொதுமடலில் எழுதியிருந்தார்: ‘அருமையான திருத்தம். என் முழு ஆதரவு.’ கண்ணாடிக்கடைக்காரர் மனம் குளிர்ந்து, ‘பெருமதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி அரைப்பக்கத்தில் நன்றி எழுதினார். அவர் பணிவைக் கண்டு நெகிழ்ந்த மூவர், இத்தகைய பண்பாடு மடலில் அரிதாகிவிட்டது என்று எழுதினர். மூவருக்கும் அவர் தனித்தனியே நன்றி சொன்னார். பிறகு விஷயத்தை மனைவியிடம் சொன்னார்.

மனைவி பார்வையால் எழுத்தெழுத்தாகப் பொறுக்கினார். கருவி அறிவித்தது: “கெடுத்த.”

“என்னம்மா இது? ஒருத்தர் பாராட்டறார். பதில் போடலேன்னா நல்லாவா இருக்கும்?”

“நுணல்,” என்றது கருவி.

தன் வாயால் கெடும் தவளை தாம்தான் என்பதைக் கண்ணாடிக்கடைக்காரர் புரிந்துகொண்டார். நோய்க்கு முன் மனைவி அவரை ‘நீங்க’ என்றுதான் அழைப்பார். கோபத்திலும் அந்த மரியாதை குறையாது. இப்போது மரியாதைக்கு ஆகும் எழுத்துகளைச் சேர்ப்பதற்குள் இமை ஒருமுறை விழுந்துவிடும் என்பதால், இல்லத்தில் மரியாதை முதலில் சிக்கனப்படுத்தப்பட்டது. பழமொழிகள் அடுத்தபடியாக ஒரு சொல்லுக்குச் சுருங்கின.

கணக்கு மீண்டும் தொடங்கியது. ஆனால் அதற்குள் திருத்தம், சபையின் இரு பெருந்தலைகளின் கண்ணில் பட்டுவிட்டது.

ஒருவர் வெளியீட்டு மேலாளர். அவரை எல்லாரும் காலண்டர் என்றே அழைத்தனர். மற்றவர் திருத்தங்களைச் சோதிக்கும் மூத்தவர். எதைக் காட்டினாலும் ‘கனியட்டும்’ என்பார், ஆகவே அவர் பெயரும் அதுவே ஆயிற்று. வெளியீடு குறித்த நாளில் வர வேண்டுமா, தயாரான நாளில் வர வேண்டுமா என்பதில் இருவருக்கும் பல ஆண்டுப் பகை. இருவருக்கும் கண்ணாடிக்கடைக்காரரின் திருத்தம் மிகவும் பிடித்திருந்தது. அதுவே அதற்குக் கேடாயிற்று. இருவரும் தத்தம் கட்சிக்கு அதை உதாரணம் காட்டி நாள்தோறும் எழுதினர். நாள்தோறும் கணக்கு முதல் நாளுக்குத் திரும்பியது.

மார்ச் இறுதியில் சபைத் தலைவர் இதைத் தீர்க்க ஒரு காணொளிக் கூட்டம் கூட்டினார். கண்ணாடிக்கடைக்காரர் கடையின் கதவைச் சாத்தி, லென்ஸ் தட்டுகளை ஒதுக்கி, மேசையில் கணினியை வைத்து, மனைவியின் நாற்காலியைத் தம் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். சுவரில் பார்வை சோதிக்கும் எழுத்து அட்டை தொங்கியது.

“நான் யாருக்கும் விரோதி இல்லை,” என்று காலண்டர் தொடங்கினார். “எனக்குத் தேதி முக்கியம். முப்பதாம் தேதின்னா முப்பதாம் தேதி. உள்ள என்ன இருக்குங்கறது அடுத்த கேள்வி. மூணு வருஷம் முன்னாடி உள்ள ஒண்ணுமே இல்லாம ஒரு வெர்ஷன் வெளியிட்டேன். ஒரு நிமிஷம் தாமதமில்லை. யாராவது புகார் சொன்னாங்களா?”

“காயைத் தடியால அடிச்சாப் பழமாயிடுமா?” என்றார் கனியட்டும். “ஒரு வெர்ஷனை நான் நாலு வருஷம் கையில வெச்சிருந்து கனிய வெச்சேன். வெளிய விட்டப்ப குறை சொல்ல ஒரு ஆள் இல்லை.”

“அது ஓடற கம்ப்யூட்டரே அதுக்குள்ள கடையில கிடைக்கலை. ஆள் எங்கிருந்து வருவான்?”

“குறை சொல்ல ஆள் இல்லைங்கறேன். அதானே தரம்?”

தலைவர் புன்னகைத்தார். “ரெண்டு பேர் சொல்றதும் சரி,” என்றார். அவர் பதினோர் ஆண்டுகளாகத் தலைவராக நீடிப்பதற்கு அந்த ஒரு வாக்கியமே காரணம். “இப்போ நம்ம முன்னாடி இருக்கற கேள்வி ஒண்ணுதான். இந்தத் திருத்தம் ஒரு பழுதைச் சரிபண்ணுதா, இல்லை புது வசதியைச் சேர்க்குதா?”

“வசதின்னா அடுத்த வருஷம்,” என்றார் காலண்டர். “புது வசதிக்குக் கதவு பிப்ரவரியிலயே மூடியாச்சு.”

“பழுதுன்னா இன்னும் மோசம்,” என்றார் கனியட்டும். “போன வெர்ஷன் பழுதற்றதுன்னு நாம கையெழுத்துப் போட்டுத் தீர்மானம் நிறைவேத்தியிருக்கோம். இப்போ பழுதுன்னா நம்ம கையெழுத்துக்கு என்ன மதிப்பு?”

“ஐயா,” என்று கண்ணாடிக்கடைக்காரர் கைகூப்பினார், “பேரு எதுவா இருந்தா என்ன? என் சம்சாரம் ஒரு வாக்கியம் முழுசாப் பேசணும். அவ்வளவுதான் எங்க கோரிக்கை.”

“அம்மாவையே கேட்டுடுவோமே,” என்றார் தலைவர் பெருந்தன்மையுடன். “அம்மா, நீங்க சொல்லுங்க. அவசரமே இல்லை.”

மனைவி எழுதத் தொடங்கினார். ‘இது ப’ என்று திரையில் சேர்ந்தது. இமை விழுந்தது, திரை வெளுத்தது. மீண்டும் ‘இது’ சேர்ந்தது. மீண்டும் வெளுத்தது. மூன்றாம் முறை அவர் இமைக்காமலே எழுத முயன்றார். கண்ணில் நீர் திரண்டு, எழுத்து எதுவென்று கேமராவுக்குத் தெரியாமற்போய், நீரை வெளியேற்ற இமை தானே மூடியது. கண்ணாடிக்கடைக்காரர் கைக்குட்டையால் துடைத்தார். சபையார் மரியாதையுடன் காத்திருந்தனர். காலண்டர் மணி பார்த்தார்.

“சரி,” என்றார் தலைவர். “குறிப்பில எழுதிக்குங்க. பாதிக்கப்பட்டவர் நேரில் இருந்தார். போதிய அவகாசம் தரப்பட்டது. அவர் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை.”

“சார்! இப்பதானே கண்ணால பார்த்தீங்க? எழுதினது மூணு தடவை அழிஞ்சுதே! இதான் சார் பழுது!”

“பழுதா வசதியாங்கறது இன்னும் முடிவாகலை ஐயா. கொஞ்சம் வார்த்தையை அளந்து விடுங்க.”

கூட்டம் கலைந்தது. கணினியை மூடியபின் மனைவி ஒரு சொல்லை முழுதாகச் சேர்த்தார். கருவி அறிவித்தது: “கூட்டம்.” சற்றுப் பொறுத்து மற்றொன்று: “கோமாளி.” கண்ணாடிக்கடைக்காரர் சிரித்தார். சிரித்துக்கொண்டே கடையின் பின்கட்டுக்குப் போய், குழாயைத் திறந்துவிட்டு, சிறிது நேரம் அங்கேயே நின்றார்.

இனிப் பேசுவோரைப் பேசாதிருக்கச் செய்வதே வழி என்று அவர் துணிந்தார். ஆதரவு சொன்ன ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதினார்: ‘தாங்கள் எனக்குச் செய்யக்கூடிய பேருதவி, இதைப் பற்றி எதுவும் எழுதாதிருப்பதே.’ அனைவரும் உருகினர். முதலாமவர் மறுநாளே பொதுமடலில் எழுதினார்: ‘இத்திருத்தம் குறித்து நான் மௌனம் காப்பேன் என இதன்மூலம் உறுதியளிக்கிறேன்.’ இரண்டாமவர் அதை வழிமொழிந்தார். அதன்பின் நாள்தோறும் ஒருவர் மௌன உறுதிமொழி எடுத்தார். மொழி தெரியாத நாட்டிலிருந்தெல்லாம் எடுத்தனர். ஒருவர், உறுதிமொழி எடுக்காதவர்களின் பட்டியலை வெளியிட வேண்டும் என்று எழுதினார். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இந்த ஊர் தானே மூடியைத் தேடி எடுத்துத் தாளம் போட்டது.

ஏப்ரல் நடுவில் ஒருநாள் காலை, மனைவி ஏதோ எழுத முயன்றுகொண்டிருந்தார். திரை ஐந்தாறு முறை வெளுத்தது. கடையில் வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்தார். “நிதானமா எழுதும்மா, இதோ வந்துடறேன்,” என்று கண்ணாடிக்கடைக்காரர் போனார். திரும்பி வந்தபோது பகல் ஏறியிருந்தது. மனைவியின் வலது பாதம் கால்தாங்கியிலிருந்து நழுவி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் சிக்கி, நீலம் பாய்ந்து வீங்கியிருந்தது. திரை தூய்மையாக இருந்தது.

அவர் பாதத்தை விடுவித்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். “காலுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஓடி வந்திருப்பேனே,” என்றார். சொன்ன பிறகுதான், அந்த ஒரு சொல்லைத்தான் மனைவி காலையிலிருந்து எழுதிக்கொண்டிருந்தார் என்பது விளங்கியது.

அன்று மாலை முழுவதும் முயன்று மனைவி ஒரே ஒரு சொல்லைக் கருவியின் வாயிலிருந்து வரவழைத்தார். “நிறுத்து.”

அவர் நிறுத்தினார். பொதுமடலைத் திறக்கவில்லை, யாருக்கும் எழுதவில்லை, எவர் நலம் விசாரித்தாலும் பதில் போடவில்லை. அதே வேளையில் சபையில் வேறொரு தீ பற்றியது. புதிய வெளியீட்டின் சின்னத்தில் வரையப்பட்ட கண், இடக்கண்ணா வலக்கண்ணா என்பதே வழக்கு. எழுதத் தெரிந்த அனைவரும் அங்கே எழுதப் போய்விட்டனர். உறுதிமொழியாளர்கள் இரு அணிகளாகப் பிரிந்தனர். கண்ணாடிக்கடைக்காரரின் திருத்தம், தெருவில் விட்ட குடைபோல் மறக்கப்பட்டது. அதைப் பற்றி ஒருநாள் யாரும் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. ஏப்ரல் இருபத்தேழாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், ஏழு நாள் நிறைவதற்குச் சில நிமிடங்களே இருந்தன. கண்ணாடிக்கடைக்காரர் நெடுநாளுக்குப்பின் மடலைத் திறந்து, தொண்டையைக் கனைக்கவும் அஞ்சி, மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தார்.

அப்போது துடைப்பம் பேசியது.

துடைப்பம் மனிதர் அன்று. பழைய கோரிக்கைகளைப் பெருக்கித் தள்ளுவதற்காகக் காலண்டர் அமைத்த தானியங்கி நிரல். அது எழுதியது: ‘வணக்கம்! இத்திருத்தம் குறித்து நெடுநாட்களாக யாரும் பேசவில்லை. எவருக்கும் இதில் அக்கறை இல்லை எனக் கருதி இதை மூடுகிறேன். தங்கள் பங்களிப்புக்கு நன்றி.’

ஏழு நாள் பேசாவிட்டால் சம்மதம் என்பது கனியட்டும் இயற்றிய விதி. ஏழாம் நாளிலும் பேசாவிட்டால் குப்பை என்பது காலண்டர் இயற்றிய விதி. இரண்டும் ஒன்றையொன்று தின்னும் என்பதை அதுவரை எவரும் அறியவில்லை. அதற்குமுன் எதைப் பற்றியும் சபையார் ஏழு நாள் பேசாதிருந்ததே இல்லை.

இருபத்தொன்பதாம் நாள் பிற்பகல் அவசரக் கூட்டம் கூடியது. வெளியீடு மறுநாள். கூட்டத்தில் சபையார் பேசுவது கணக்கில் வராது, கண்ணாடிக்கடைக்காரர் வாய் திறந்தால் மட்டும் மௌனம் கலையும் என்பதால், அவர் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“துடைப்பம் ஒரு மெஷின்,” என்றார் காலண்டர். “மெஷின் பேசறது பேச்சே இல்லை. அதனால மௌனம் கலையலை. ஏழு நாள் முடிஞ்சுது. திருத்தத்தை ஏத்துக்கிட்டாச்சு. நாளைக்கு வெளியீட்டுல போட்டுடலாம். நான் வாக்குத் தர்றேன்.”

கண்ணாடிக்கடைக்காரரின் கண்கள் நிறைந்தன. கை மட்டும் வாயை விட்டு அகலவில்லை. பக்கத்தில் மனைவியின் இமை ஒருமுறை மெல்ல விழுந்து, மெல்ல எழுந்தது.

“ஒத்துக்கறேன்,” என்றார் கனியட்டும். “மெஷின் பேசறது பேச்சில்லை. மெஷின் எழுதறதும் எழுத்தில்லை. அப்போ இந்தத் திருத்தத்தை எழுதினது யாரு? அந்த அம்மா தன் கையால எழுதலை. கண்ணைப் பார்த்து மெஷின் எழுதியிருக்கு. எழுதினவர் இல்லாத திருத்தத்தை எந்தச் சபையாவது ஏத்துக்குமா? நாளைக்கு ஒரு கேள்வி வந்தா யாரைப் போய்க் கேக்கறது?”

சபையில் பாராட்டு முணுமுணுப்பு எழுந்தது. தாங்கள் பராமரிக்கும் மென்பொருளின் வழியே ஒருவர் எழுதினால் அது எழுத்தாகாது என்று தங்கள் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அதற்குத் தனிக் கூட்டம் வேண்டும்.

“ரெண்டு பேர் சொல்றதும் சரி,” என்றார் தலைவர். “மௌனம் செல்லும். ஆனா திருத்தத்துக்கு ஆள் இல்லை. இதை எழுதினது இன்னார்னு ஒரு மனுஷ வாய் சொல்லணும். சொன்னாப் போதும், விஷயம் முடிஞ்சுது. அப்படி யாராவது இருக்கீங்களா?”

 தலைவரின் பார்வை கண்ணாடிக்கடைக்காரர் மேல் நின்றது. மனைவியின் திரையில் எழுத்துகள் சேரத் தொடங்கின. ‘பே’ என்று ஒன்று சேர்ந்தது. ‘சா’ என்று மற்றொன்று சேர்ந்தது. இமை விழுந்தது. திரை வெளுத்தது. கண்ணாடிக்கடைக்காரர் அதைப் பார்க்கவில்லை.

“என் பொண்டாட்டிதான்யா எழுதினா!” கையை எடுத்துவிட்டு அவர் கத்தினார். “மூணு வாரம், கண்ணு சிவந்து, ஒவ்வொரு எழுத்தாப் பொறுக்கி எழுதினா! உங்க எல்லாரையும் விட அவ எழுதினதுதான்யா எழுத்து! நான் சாட்சி!”

“ரொம்ப நன்றி,” என்றார் தலைவர். “குறிப்பில எழுதிக்குங்க. ஆசிரியர் யாரென்பது உறுதியாயிற்று. ஐயா பேசிட்டார். விதிப்படி இன்னையிலிருந்து ஏழு நாள்.”

இறுதியில் முடிவானவை வருமாறு. இமையின் புதிய வெளியீடு ஏப்ரல் முப்பதாம் நாள், குறித்த நேரத்தில், இருபுறமும் ஒவ்வொரு கண் வரைந்த சின்னத்துடன் வெளியாயிற்று. அதில் ஒன்றரை ஒன்றரையாகவே இருந்தது. அந்தத் திருத்தம் கொள்கையளவில் ஏற்கப்பட்டு, அடுத்த ஆண்டின் பரிசீலனைக்கு வைக்கப்பட்டது. அது பழுதா வசதியா என்று ஆராயக் காலண்டரும் கனியட்டுமும் அடங்கிய துணைக்குழு அமைக்கப்பட்டது. துடைப்பத்துக்கு ஒரு பாராட்டு நிறைவேறியது. மே மாதம் இரண்டாம் நாள் கண்ணாடிக்கடைக்காரர் கருவியை மறுவாழ்வு மையத்தில் திருப்பிக் கொடுத்தார். பொறுப்பாளர் அம்மையார், திரை கீறலின்றி இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் முடிவானது இது. கடைச் சுவரிலிருந்த எழுத்து அட்டையைக் கழற்றி, அதன் வெறும் முதுகில் எல்லா எழுத்துகளையும் பெரிதாக எழுதி, மனைவியின் முன் பிடித்துக்கொள்வது. ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுக்கொண்டே போவது. வேண்டிய எழுத்து வரும்போது மனைவி கண்ணை மூடுவார். மூடியது திறக்கும்வரை, எவ்வளவு நேரமானாலும், விரல் அங்கேயே நிற்கும். எதுவும் அழியாது. முதல் மாலை முழுவதும் செலவழித்து மனைவி ஒரு வாக்கியத்தை முடித்தார். நெடுநாளாகச் சிக்கனப்படுத்தி வைத்திருந்தது அதில் திரும்பி வந்திருந்தது. ‘நீங்க இனி பேசலாங்க’ என்பது அந்த வாக்கியம்.

கண்ணாடிக்கடைக்காரர் மீண்டும் விரலை முதல் எழுத்துக்குக் கொண்டுபோனார்.